வீட்டுக்குள் அடைபட்ட பிள்ளைகள்: ஏறியது எடை மட்டும்தானா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கோவிட்-19 காலத்து நடமாட்டக் கட்டுப்பாட்டினால் நம் பல்கலைக்கழக மாணவர்களின் உடல் எடைக்கும் மனநலத்திற்கும் என்ன நேர்ந்தது என்பதுதான் இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. "முடிந்து போன கதையை இப்போது எதற்குக் கிளற வேண்டும்?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். உண்மைதான். உலகச் சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு மே 5ஆம் தேதி அந்த அவசரநிலை முடிவுக்கு வந்ததாக அறிவித்து விட்டது. முகக்கவரியை நாம் கழற்றி எறிந்து விட்டோம். கைத்தூய்மி போத்தல் அலமாரியில் காய்ந்து கிடக்கிறது.

ஆனால் அன்பர்களே, அன்று நம் பிள்ளைகளின் உடலில் ஏறியது அவ்வளவு சுலபமாக இறங்கி விடவில்லை. அன்று பழகிய பழக்கங்களும் அவர்களை விட்டுப் போகவில்லை. 2020ஆம் ஆண்டில் பத்தொன்பது, இருபது வயதில் இருந்தவர்கள் இன்று இருபதுகளின் நடுவில் நிற்கிறார்கள். வேலைக்குப் போகிறார்கள். சிலருக்குத் திருமணப் பேச்சு நடக்கிறது. அவர்களோடு சேர்ந்து அந்த இரண்டு ஆண்டுகளும் நடந்து கொண்டுதான் இருக்கின்றன. அதனால்தான் இதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

மூன்று வகை மாணவர்கள்

முதலில் நடந்ததைக் கொஞ்சம் நினைவுபடுத்திக் கொள்வோம். 2020 மார்ச் 16ஆம் தேதி இரவு, அப்போதைய பிரதமர் டான்ஸ்ரீ முகைதீன் யாசின் தொலைக்காட்சியில் தோன்றி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தார். 18ஆம் தேதி அது நடப்புக்கு வந்தது. இடையில் இருந்தது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளில் பேருந்து கிடைத்தவர்கள் ஊருக்குப் போனார்கள். கிடைக்காதவர்கள் விடுதியிலேயே நின்று விட்டார்கள்.

இரண்டு வாரங்களுக்கு என்று சொன்ன ஆணை, நீட்டித்து நீட்டித்து மே 3ஆம் தேதி வரை போனது. விடுதிகளில் சிக்கிக் கொண்ட மாணவர்களை ஏப்ரல் மாதக் கடைசியில்தான் கட்டங் கட்டமாக வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். மே 27ஆம் தேதி உயர்கல்வி அமைச்சு, அந்த ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதி வரை பாடங்கள் இயங்கலை வழியாகவே நடக்கும் என்று அறிவித்தது. ஒரு சில பிரிவினருக்கு மட்டுமே விதிவிலக்கு. 2021 ஜனவரி 13ஆம் தேதி மீண்டும் ஆணை வந்தது. ஜூன் 1ஆம் தேதி நாடு முழுவதும் முழு முடக்கம் வந்தது. அக்டோபர் மாதம் தொடங்கித்தான் மாணவர்கள் படிப்படியாக வளாகத்திற்குத் திரும்பினார்கள்.

ஆக, நம் மாணவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். வீட்டுக்குப் போய் அங்கேயே அடைபட்டவர்கள் ஒரு வகை. விடுதி அறையில் தனியாகச் சிக்கிக் கொண்டவர்கள் இன்னொரு வகை. மூன்றாவது வகையினரைத்தான் நாம் அதிகம் நினைப்பதில்லை. எஸ்.டி.பி.எம். எழுதி, மெட்ரிகுலேஷன் முடித்து, பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தும், வளாகத்தின் வாசலையே பார்க்காமல் முதலாண்டை முடித்தவர்கள் அவர்கள். படுக்கையறையில் உட்கார்ந்தபடியே பல்கலைக்கழக மாணவர் ஆனவர்கள்.

இந்த மூன்று வகையினருக்கும் நேர்ந்தது ஒன்றல்ல. அதனால்தான் பல நாடுகளில் மாணவர்களிடையே நடந்த ஆய்வுகளில் ஒரே மாதிரியான முடிவு வரவில்லை. ஒரு பகுதியினருக்கு எடை ஏறியது. ஒரு பகுதியினருக்கு இறங்கியது. மற்றவர்களுக்குப் பெரிய மாற்றமில்லை. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை, மாணவர்கள் தாங்களே இயங்கலைப் படிவத்தில் எழுதிக் கொடுத்த எடையை வைத்துச் செய்யப்பட்டவை என்பதையும் மறந்து விடக் கூடாது. "எல்லாரும் குண்டாகி விட்டார்கள்" என்று ஒரே வரியில் சொல்வது சரியாகாது.

எடை எப்படி ஏறியது?

ஏறியவர்களுக்கு ஏன் ஏறியது? "தின்றார்கள், தூங்கினார்கள், ஏறியது" என்று சிலர் சுலபமாகச் சொல்லி விடுகிறார்கள். விஷயம் அவ்வளவு எளிதல்ல. நான்கு காரணங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, நடை. வளாகத்தில் இருக்கும் மாணவர் உடற்பயிற்சி செய்யாதவராகவே இருக்கட்டும். விடுதியிலிருந்து விரிவுரை மண்டபத்திற்கு நடக்கிறார். அங்கிருந்து நூலகத்திற்கு, உணவகத்திற்கு, பேருந்து நிறுத்தத்திற்கு நடக்கிறார். மின்தூக்கி கெட்டுப் போன நாளில் நான்கு மாடி ஏறுகிறார். இதையெல்லாம் அவர் உடற்பயிற்சி என்று கணக்கில் வைப்பதில்லை. ஆனால் உடம்பு கணக்கில் வைத்துக் கொள்கிறது. கட்டுப்பாட்டுக் காலத்தில் அந்த நடை எல்லாம் கட்டிலுக்கும் மேசைக்கும் இடையிலான நான்கு அடியாகச் சுருங்கி விட்டது. பலருக்குக் கட்டிலே மேசையாகவும் இருந்தது. முதல் ஆணையின்போது பூங்காவில் மெதுவோட்டம் ஓடியவர்கள்கூடப் பிடிபட்டு நீதிமன்றத்தில் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். 2020 மே 4ஆம் தேதிக்குப் பிறகுதான் வெளியில் ஓடுவதற்கு வழி பிறந்தது.

இரண்டாவது, உணவு. வீட்டில் எல்லாரும் இருக்கிறார்கள். அடுப்பு அணைவதே இல்லை. பசியாறிய பின் மதியச் சாப்பாடு, மாலையில் வாழைப்பழப் பொரியல், இரவு உணவு, பாடம் எழுதும்போது ஒரு பாக்கெட் மேகி மீ. அந்த ஆண்டில் உலகமெங்கும் பரவிய டல்கோனா காப்பியை எத்தனை வீடுகளில் கலக்கிக் குடித்தோம்! ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருப்பதாகக் கொள்வது வழக்கம். ஒரு ரொட்டி சானாயில் சுமார் 300 கலோரி இருக்கிறது. அந்த அளவு உணவு நாள்தோறும் தேவைக்கு மேல் போனால், 26 நாட்களில் 7,800 கலோரி. உடம்பு கணக்குப் புத்தகம் போல அப்படியே கூட்டிக் கழிப்பதில்லை என்றாலும், யாரும் வயிறு முட்டத் தின்னாமலேயே எடை ஏற முடியும் என்பது இதிலிருந்து புரிகிறதல்லவா?

மூன்றாவது, தூக்கம். காலை எட்டு மணி வகுப்புக்கு ஏழே முக்காலுக்கு எழுந்து, படுக்கையில் இருந்தபடியே கணினியைத் திறந்தால் போதும் என்றான பிறகு, இரவு இரண்டு மணி, மூன்று மணி வரை விழித்திருப்பது வழக்கமாகி விட்டது. தூக்கம் குறையும்போது பசியைத் தூண்டும் கிரெலின் எனும் சுரப்பு கூடுகிறது; "போதும்" என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் எனும் சுரப்பு குறைகிறது. 2004ஆம் ஆண்டிலேயே ஆய்வாளர்கள் இதை எடுத்துக் காட்டி விட்டார்கள். நள்ளிரவில் விழித்திருப்பவர் கீரையும் வெள்ளரிக்காயும் தேடிப் போவதில்லை. இனிப்பையும் பொரித்ததையும்தான் தேடுகிறார். அது ஒழுக்கக் குறைவு அல்ல. உடம்பே அப்படிக் கேட்கிறது.

நான்காவது காரணம் மனம். கவலை வந்தால் சிலருக்குச் சோறு இறங்காது. சிலருக்கோ வாய் சும்மா இருக்காது. அப்பாவுக்கு வேலை போய் விட்டது, தேர்வு எப்போது என்று தெரியவில்லை, தாத்தா மருத்துவமனையில் இருக்கிறார், போய்ப் பார்க்க முடியாது. அந்த நேரத்தில் ஒரு பொட்டலம் முறுக்கு ஒரு சின்ன ஆறுதல். அந்த ஆறுதலைப் பெற வேறு வழி இல்லாதவரைக் குற்றம் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இளைத்தவர்களும் உண்டு

எடை கூடியவர்களைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். இளைத்தவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. இளைத்தால் நல்லதுதானே என்று நினைத்து விடுகிறோம்.

விடுதியில் சிக்கிக் கொண்ட மாணவர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தன. அது பாராட்ட வேண்டிய செயல். ஆனால் வெளியில் அறை எடுத்துத் தங்கியிருந்த மாணவர்கள் பலர், கையிலிருந்த பணத்தை நாட்கணக்கில் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள். பகுதிநேர வேலை செய்து சமாளித்தவர்களுக்கு அந்த வருமானமும் நின்றது. என் மாணவர் ஒருவர் பின்னாளில் என்னிடம் சொன்னார்: "சார், காலையில ரொம்ப நேரம் தூங்குவேன். தூங்கினா ஒரு வேளைச் சாப்பாடு மிச்சம்." அவர் சிரித்துக் கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய இயங்கலை வருகைப் பதிவேட்டில், காலை வகுப்புகளுக்கு வராததற்காக நானே கண்டித்து எழுதியிருந்தேன்.

ஆகவே, எடை முள் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அதன் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைக் கேட்காமல் முள்ளை மட்டும் பார்ப்பதுதான் நாம் செய்த பிழை.

கறுப்புக் கட்டங்கள்

அந்தக் காலத்தில் பாடம் நடத்திய ஆசிரியர்களுக்குத் தெரியும். திரையில் நாற்பது கறுப்புக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். "எல்லாரும் ஒளிப்படக் கருவியைத் திறந்து வையுங்கள்" என்று சொன்னால் ஐந்து முகம் தெரியும். மற்றவர்கள் "லைன் சரியில்லை சார்" என்பார்கள்.

பலருக்கு உண்மையாகவே இணைய வசதி சரியில்லை. சபா மாநிலத்தின் பித்தாஸ் வட்டாரத்தில், தேர்வு எழுதுவதற்காக ஒரு மாணவி மரத்தின் மேல் ஏறி இரவு முழுவதும் தங்கிய காணொளியை 2020 ஜூன் மாதத்தில் நாடே பார்த்தது. நம் தோட்டப்புறங்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே திறன்பேசி இருந்த கதை உங்களுக்குத் தெரியும். அக்காளுக்கு விரிவுரை, தம்பிக்கு இடைநிலைப்பள்ளிப் பாடம், தங்கைக்குத் தமிழ்ப்பள்ளிப் பாடம். எல்லாம் ஒரே நேரத்தில். யார் விட்டுக் கொடுப்பது? பெரும்பாலும் மூத்தவர்தான்.

ஆனால் எல்லாருக்கும் இணையம் காரணமல்ல. வளாகம் திறந்த பிறகு ஒரு மாணவி என் அறைக்கு வந்தார். நல்ல மதிப்பெண் எடுத்தவர். இரண்டு ஆண்டுகளில் ஒரு முறைகூட முகம் காட்டாதவர். ஏன் என்று கேட்டேன். "சார், கேமரா போட்டா என் முகம் எனக்கே தெரியும். வாரத்துக்கு இருபது மணி நேரம் அதையே பார்த்துக்கிட்டு இருக்க முடியல" என்றார். முன்பெல்லாம் கண்ணாடியை ஒரு நாளைக்கு இரண்டு தடவை பார்ப்போம். இந்தப் பிள்ளைகள் நாள் முழுவதும் கண்ணாடி முன்னால் உட்கார வைக்கப்பட்டார்கள். அதோடு, சமூக ஊடகத்தில் வீட்டிலிருந்தபடியே வயிற்றைக் குறைத்துக் காட்டிய அழகழகான முகங்கள். தன்னையும் அவர்களையும் ஒப்பிட்டு ஒப்பிட்டே பல பிள்ளைகள் உள்ளுக்குள் ஒடுங்கிப் போனார்கள்.

தொற்றின் முதலாண்டில் உலக அளவில் மனப்பதற்றமும் மனச்சோர்வும் 25 விழுக்காடு கூடியதாக உலகச் சுகாதார நிறுவனம் 2022 மார்ச் மாதம் அறிவித்தது. இளைஞர்கள் அதில் அதிகமாகப் பாதிக்கப்பட்டார்கள் என்றும் அது குறிப்பிட்டது. எடையும் மனநலமும் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் அல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். ஒன்று மற்றொன்றை இழுத்துக் கொண்டு போகிறது. மனம் சோர்ந்தால் உடல் அசைவதில்லை. உடல் அசையாவிட்டால் மனம் இன்னும் சோர்கிறது.

என் வீட்டில் நடந்தது

ஊருக்கு உபதேசம் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். என் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். என் மகளின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.

2020இல் அவள் முதலாண்டு மாணவி. மார்ச் மாதம் வீட்டுக்கு வந்தவள் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் வீட்டிலேயே இருந்தாள். 2021 தீபாவளி நவம்பர் 4ஆம் தேதி வந்தது. அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னர்தான், தடுப்பூசி போட்டவர்கள் மாநிலம் கடந்து பயணம் செய்யலாம் என்று அனுமதித்திருந்தார்கள். உறவினர்கள் எல்லாரும் வந்தார்கள். நெடுநாள் பிரிவுக்குப் பிறகு பார்க்கும் மகிழ்ச்சி. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் அக்காள் மகளைப் பார்த்து, "என்னம்மா இது, இப்படி உப்பிட்டே!" என்றார். பின்னால் வந்த மாமா, "வீட்டுல சோத்துப் பானையே இவகிட்டதான் போல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அன்பர்களே, நானும் சிரித்தேன்.

அன்றைக்கு அவள் ஒரு தட்டில் இரண்டு இட்லியை எடுத்துக் கொண்டு அறைக்குப் போனாள். அதன் பிறகு எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவே இல்லை. "அப்புறம் சாப்பிடுறேன்ப்பா" என்பாள். நான் அதைக் கட்டுப்பாடு என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். இரண்டு மாதத்தில் எடை குறையத் தொடங்கியது. அதற்கும் பாராட்டினேன்.

ஒரு நாள் இரவு, நெஞ்சு படபடக்கிறது என்று என் மனைவியை எழுப்பினாள். கை நடுங்கியது. அவள் அலமாரியில் இணையத்தில் வாங்கிய 'மெலிய வைக்கும் காப்பி' பாக்கெட்டுகள் இருந்தன. கிளினிக்கில் மருத்துவர் அந்தப் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுகாதார அமைச்சின் பதிவு எண் இல்லை. இப்படிப்பட்ட பொருட்களில் சிபுட்ராமின் எனும் மருந்தைக் கள்ளத்தனமாகக் கலப்பதுண்டு என்று அவர் விளக்கினார். இதயத்திற்கு ஆபத்து என்பதால் 2010ஆம் ஆண்டில் பல நாடுகளில் சந்தையிலிருந்து மீட்டுக் கொள்ளப்பட்ட மருந்து அது. அந்தப் பாக்கெட்டில் அதுதான் இருந்ததா என்று நாங்கள் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் என் மகளின் நெஞ்சு படபடத்ததை என் கையை வைத்துப் பார்த்தேன்.

அந்த மருத்துவர் அவளிடம் எடையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நல்லா தூங்கி எத்தனை நாளாச்சும்மா?" என்றுதான் கேட்டார். அவள் அழத் தொடங்கினாள். இரண்டு ஆண்டுகளில் நான் கேட்காத கேள்வி அது. மாணவர்களின் நலனைப் பற்றிக் கூட்டங்களில் பேசுகிற நான், என் வீட்டில் இருந்த மாணவியைக் கவனிக்கவில்லை.

பிறகு, சாயங்காலம் எங்கள் தாமானில் உள்ள திடலைச் சுற்றி அவளோடு நடக்கத் தொடங்கினேன். முதல் சில நாட்கள் இருவரும் பேசவே இல்லை. பிறகு அவளே பேசினாள். பல்கலைக்கழகத்தின் ஆலோசகரையும் சில மாதங்கள் பார்த்தாள். இன்று அவள் எடை முன்பு இருந்த அளவுக்கு இறங்கி விட்டதா என்று கேட்டால், இல்லை. ஆனால் இரவில் தூங்குகிறாள். எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அது எனக்குப் போதும்.

நம் சமூகத்திற்குக் கூடுதல் அக்கறை வேண்டும்

அப்படியென்றால் எடையைப் பற்றிக் கவலையே பட வேண்டாமா? பட வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ உடையவர்கள் என்று தெரிய வந்தது. 2023ஆம் ஆண்டின் ஆய்வில் அது 54.4 விழுக்காடாக உயர்ந்தது. நீரிழிவு நோயில் நம் இந்தியர்கள் மற்ற இனத்தவரை முந்தி நிற்கிறோம். இந்த முதலிடம் நமக்கு வேண்டவே வேண்டாம்.

ஆசிய மக்களின் உடல்வாகு வேறு. வெள்ளைக்காரர்களுக்கு உடல் எடைக் குறியீடு 25ஐத் தாண்டினால்தான் அதிக எடை என்பார்கள். நமக்கு 23லேயே எச்சரிக்கை தொடங்குகிறது. 1.60 மீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு அது ஏறக்குறைய 59 கிலோ. 27.5ஐத் தாண்டினால், அதாவது அதே உயரத்திற்கு 70 கிலோவுக்கு மேல் போனால், நம் நாட்டில் அதை உடற்பருமன் என்றே கொள்கிறார்கள். இடுப்பளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்ற எல்லைக்குள் இருப்பது நல்லது. கை கால் மெலிந்திருந்தும் வயிறு மட்டும் முன்னால் வருவது நம்மவர்களிடம் அதிகம். நீரிழிவு அங்கிருந்துதான் எட்டிப் பார்க்கிறது.

என்ன செய்யலாம்?

பெற்றோர்களுக்கு முதலில் சொல்கிறேன். பிள்ளைகளின் உடம்பைப் பற்றி வாசலில் நின்று பேசாதீர்கள். உறவினர் பேசினால் தடுத்து நிறுத்துங்கள். "மெலிஞ்சுட்டியே" என்பதும் "உப்பிட்டியே" என்பதும் அன்பின் அடையாளம் என்று நாம் நினைக்கிறோம். கேட்பவருக்கு அது அன்பாகத் தெரிவதில்லை. அதற்குப் பதிலாக, "நல்லா தூங்குறியா? சாப்பிட்டியா? யாரோட பேசுற?" என்று கேளுங்கள். பிள்ளையை மட்டும் பத்தியம் இருக்கச் சொல்லி விட்டு நாம் தொலைக்காட்சி முன்னால் முறுக்கு கடிப்பதும் நியாயமல்ல. வீட்டுக்கு ஒரே சமையல், ஒரே சாப்பாடு என்று வையுங்கள்.

சுகாதார அமைச்சு "சுக்கு சுக்கு செப்பாரோ" என்று ஓர் எளிய முறையைச் சொல்கிறது. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, பாதிப் பங்கு காய்கறியும் பழமும். வாழையிலையில் சோற்றை மலை போல் குவித்துக் காய்கறியைத் தொட்டுக் கொள்ளும் நமக்கு இது தலைகீழ் பாடம். ஆனால் தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை; இருப்பதையே இடம் மாற்றி வைத்தால் போதும். இனிப்புப் பானங்களுக்கு 2019 ஜூலை 1ஆம் தேதி முதல் அரசாங்கம் வரி விதித்திருக்கிறது. கடைப் போத்தலுக்கு வரி உண்டு. நாம் வீட்டில் கலக்கும் மைலோவில் போடும் கெட்டிப்பாலுக்கு நாமேதான் கட்டுப்பாடு விதித்துக் கொள்ள வேண்டும்.

மாணவர்களே, உங்களுக்கு இரண்டு வார்த்தை. பெரியவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020 நவம்பரில் வழிகாட்டியது. ஒரு நாளைக்கு அரை மணி நேரம் என்று ஐந்து நாட்கள் வேகமாக நடந்தால் 150 நிமிடம் வந்து விடுகிறது. அதற்கு உடற்பயிற்சிக் கூடத்திற்குச் சந்தா கட்ட வேண்டியதில்லை. தூங்கும் நேரத்தை முதலில் சரி செய்யுங்கள். சாப்பாடு பாதி தானாகச் சரியாகும். இணையத்தில் விற்கும் மெலியும் மருந்து, காப்பி, தேநீர் எதையும் பதிவு எண்ணைச் சரிபார்க்காமல் வாயில் வைக்காதீர்கள்.

மனம் பாரமாக இருந்தால் சொல்லுங்கள். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் வெளியில் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் உதவித் தொலைபேசி எண் 15555. தாலியான் காசே எண் 15999. பெஃப்ரெண்டர்ஸ் அமைப்பும் பேச வருபவர்களுக்குக் காது கொடுக்கிறது. முன்பெல்லாம் தற்கொலை முயற்சி நம் நாட்டில் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. அதனால் வெளியில் சொல்லவே பயந்தார்கள். 2023ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் அந்தச் சட்டப் பிரிவை நீக்க ஒப்புதல் அளித்தது. உதவி கேட்பது குற்றமும் இல்லை, கேவலமும் இல்லை.

பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வருகைப் பதிவேட்டில் ஒரு மாணவர் தொடர்ந்து விடுபட்டால், கண்டனக் கடிதம் அனுப்புவதற்கு முன் ஒரு முறை தொலைபேசியில் அழையுங்கள். "சாப்பிட்டீர்களா?" என்று கேளுங்கள். இதை மற்றவர்களுக்குச் சொல்வதைவிட எனக்கே சொல்லிக் கொள்கிறேன்.

நிறைவாக, திருக்குறளில் மருந்து என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அதைப் புரட்டிப் பார்த்தால், வள்ளுவர் மருந்தைப் பற்றிப் பேசியதைவிட, பசித்த பின் அளவறிந்து உண்பதைப் பற்றியே அதிகம் பேசியிருப்பது தெரியும். நோய் எதனால் வந்தது என்று அதன் காரணத்தைத் தேடச் சொன்னதும் அவர்தான். நம் பிள்ளைகளின் எடைக்கும் காரணத்தைத் தேடுவோம். பெரும்பாலான நேரங்களில் அந்தக் காரணம் சமையலறையில் இருப்பதில்லை. மூடிய அறைக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. இன்றிரவு அந்தக் கதவை மெதுவாகத் தட்டுங்கள். "வாம்மா, சும்மா ஒரு நடை போயிட்டு வரலாம்" என்று கூப்பிடுங்கள்.